பஸ் வண்டியில் யால வனம்

ஊவா மாகாணத்தை மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் உள்ள ஒரு வீடு என்று சொல்லலாம். மேல்தட்டில் பதுளை மாவட்டம் இருக்கிறது. பனியும் குளிர்காற்றும், படிப்படியாக இறங்கும் தேயிலைச் சரிவுகளும், லயங்களும், 2,036 மீற்றர் உயரத்தில் ஒன்பது சிகரங்களோடு நிற்கும் நமுனுகுல மலையும் அதன் உடைமைகள். கீழ்த்தட்டில் மொனராகலை மாவட்டம். வெயிலும் வறட்சியும், முள்மரக் காடுகளும், பாழடைந்த பழங்குளங்களும் அங்கே விரிந்து கிடக்கின்றன. 1886ஆம் ஆண்டு ஊவா ஒரு தனி மாகாணமாக அமைக்கப்பட்ட நாள் முதல் இவ்விரு தட்டுகளும் ஒரே கூரையின் கீழ் இருந்து வருகின்றன. ஆயினும் மேலே வாழும் எம்மவருள் பலர் கீழே இறங்கிப் பார்த்ததில்லை. கதிர்காமக் கந்தனுக்கு நேர்த்தி வைத்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை இறங்குவார்கள். அவர்களும் இரவோடிரவாக உறங்கிக்கொண்டே போய்த் திரும்பிவிடுவதால் வழியிலுள்ள வனத்தைக் காண்பதில்லை.

இக்குறையைத் தீர்க்க எண்ணி, எமது கல்லூரி மாணவர் முப்பத்தெட்டுப் பேரையும், அவர்தம் வீட்டுப் பெரியோர் சிலரையும் அழைத்துக்கொண்டு, ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் யால வனத்துக்குப் புறப்பட்டோம். வனவிலங்கு காண்பதற்கு ஜீப் வண்டி வேண்டும் என்பது பொதுவான எண்ணம். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரையும் ஜீப்பில் ஏற்றும் செலவு எம்மால் தாங்கக்கூடியதன்று. ஆதலால் பஸ் வண்டி செல்லக்கூடிய பாதைகளில் மட்டும் சென்று, காணக்கூடியதைக் காண்போம் என்று முடிவு செய்தோம். அவ்வாறு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று வனத்தின் விளிம்பை ஒட்டிச் செல்லும் புத்தல - கதிர்காமம் வீதி. மற்றையது வனத்தினுள்ளேயே அமைந்த பழம்பெரும் பௌத்த தலமாகிய சித்துல்பவ்வவுக்கு யாத்திரிகர் செல்லும் பாதை.

மலை இறங்கும் வழி

அதிகாலை நான்கு மணிக்குப் பதுளையை விட்டுப் புறப்பட்டோம். எல்லயை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. அங்கே இரு மலைகளுக்கிடையே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதனூடே நோக்கினால் கீழ்நாடு கடல்போல் நீலமாகத் தெரிகிறது. சற்றுத் தூரத்தில், வீதியின் ஓரத்திலேயே, இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி பாறைகளில் மோதிக் கொட்டுகிறது. வளைவுக்கு வளைவு குளிர் குறைந்தது. பிள்ளைகள் கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வெல்லவாயவில் தேநீர் அருந்த இறங்கியபோது அனற்காற்று முகத்தில் வீசியது. இரண்டரை மணி நேரத்தில் வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றிற்று.

வெல்லவாயவுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் பகுதியை வெல்லஸ்ஸ என்பர். இலட்சம் வயல்கள் என்பது அப்பெயரின் பொருள். 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கெதிராகக் கிளர்ந்தபோது, அக்கிளர்ச்சியை அடக்க வந்த படையினர் இங்குள்ள ஊர்களையும் பயிர்களையும் குளங்களையும் பாழாக்கினர். நெல் விளைந்த பூமியிற் பெரும்பகுதி புதர் மண்டிக் காடாயிற்று. இன்று யானை உலாவும் இடங்களிற் சில, ஒரு காலத்தில் உழவன் ஏர் பிடித்த இடங்கள். காடு தானே வளர்ந்தது என்றே மாணவர் எண்ணியிருந்தனர். மனிதனை அழித்தும் காடு வளர்க்கலாம் என்பதை அறிந்தபோது அவர்கள் வாயடைத்துப் போயினர்.

அண்மைக் காலத் துயரொன்றையும் இவ்வழி சுமந்து நிற்கிறது. 2008 ஜனவரி 16ஆம் திகதி, புத்தலவுக்கு அருகே ஒக்கம்பிட்டியப் பகுதியில், பயணிகள் சென்ற பஸ் வண்டியொன்று குண்டுத் தாக்குதலுக்கு இலக்காகி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எம்மைப்போல் அன்றாட அலுவலுக்குப் புறப்பட்ட எளிய மக்கள் அவர்கள். அப்போது இவ்வழியே சென்றவர் அஞ்சியது மனிதனையே. இன்று யானை குறுக்கே வருமோ என்று மட்டும் அஞ்சிச் செல்ல முடிகிறதென்றால், அதுவும் ஒரு பேறுதான்.

வீதியில் நின்ற வேழம்

புத்தலவைக் கடந்து தெற்கே திரும்பியதும் வீடுகள் அருகின. இருமருங்கும் காடு. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த அக்காட்டின் விளிம்பில், ஒரு வளைவுக்கப்பால், யானையொன்று நின்றது. கொம்பில்லாத ஆண் யானை. காட்டுக்குள் நிற்கவில்லை, தார் வீதியின் நடுவே, சுங்கச் சாவடிக் காவலாளியைப்போல் நின்றது.

சாரதி வண்டியை நிறுத்தினார். சிங்களவர்; தோட்டப் பகுதிகளில் நெடுநாள் வண்டியோட்டித் தமிழும் நன்கு பழகியவர். "பழம் இருந்தா ரெண்டு சீப்புக் குடுங்க, சேர். வாங்கிட்டு வழி விட்டுரும்" என்றார்.

பழம் இருந்தது. முருகனுக்கு அர்ச்சனை செய்வதற்காக வாங்கிய வாழைக்குலை ஒன்று வண்டியின் பின்னிருக்கையில் கிடந்தது. மாணவி ஒருத்தியின் அப்பாயி, எழுபது வயது மூதாட்டி, இரு கைகளையும் கூப்பி எழுந்து நின்றார். "சாமிக்கு வாங்கினது சாமியே கேக்குது, மாஸ்டர். புள்ளையாரப்பன் பசியோட நிக்கிறப்போ நாம மறுக்கலாமா?" என்றார்.

அவர் சொல்லில் ஒரு புராணமே அடங்கியிருந்தது. கதிர்காமம் வள்ளி நாயகி வாழ்ந்த நிலம் என்பது இந்நாட்டுச் சைவர் நம்பிக்கை. கிழவேடம் பூண்டு வந்த முருகனை வள்ளி ஏற்க மறுத்தபோது, அவன் தன் அண்ணனை நினைக்க, விநாயகர் மதயானையாக வந்து வழிமறித்தார். அஞ்சிய வள்ளி கிழவனையே தஞ்சம் புகுந்தாள். அந்தக் கதை நடந்த காட்டில், அதே கோலத்தில், ஒரு வேழம் வழிமறித்து நிற்கும்போது, பக்தியுள்ள உள்ளம் வேறெவ்வாறு எண்ணும்?

ஆயினும் பழம் கொடுக்க வேண்டாமென்றே கூறினோம். காரணத்தை மாணவர்க்கும் மூதாட்டிக்கும் விளக்கினோம். காட்டு யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது கிலோ இலை தழை தின்னும். அதைத் தேடிப் பல மைல் நடக்கும். அந்த நடைதான் அதன் உடலையும் காட்டையும் பேணுகிறது. அது நடக்கும் வழி காட்டின் வழியாகிறது. அதன் சாணத்தில் விழும் விதை முளைத்து மரமாகிறது. வீதியோரம் நின்றால் இனிப்பான பழம் கிடைக்கும் என்று ஒரு முறை அறிந்த யானை அந்த உழைப்பை மறக்கிறது. மனிதர் மீதுள்ள அச்சத்தையும் மறக்கிறது. கொடுப்பவரிடம் வாங்கப் பழகியது, கொடாதவர் வண்டிக்குள் துதிக்கையை நீட்டுகிறது. கண்ணாடி உடைகிறது, எவரேனும் காயமடைகிறார். அன்றே அந்த யானைக்குப் பொல்லாத யானை என்ற பெயர் வந்துவிடுகிறது. பொல்லாத யானை நெடுநாள் வாழ்வதில்லை. பழத்தோடு வீசப்படும் பொலித்தீன் பையும் அதன் வயிற்றுக்குள் போகிறது.

இஃது இந்நாட்டின் பெரிய துயரத்தின் ஒரு சிறு கிளை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைக் காடுகளில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2023ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதரும் மாண்டனர். பயிரை இழந்த உழவனும் பிள்ளையை இழந்த தாயும் யானையைப் பிள்ளையாராகக் காண்பதில்லை.

மூதாட்டி பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான், மாஸ்டர். ஆனா அது மூஞ்சியப் பாத்தா மனசு கேக்கலியே" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை. வண்டி ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் நின்றது. பின்னர் எதிர்த்திசையிலிருந்து மற்றொரு பஸ் வந்தது. அதன் சாளரங்கள் வழியே பழங்கள் விழுந்தன. யானை அசைந்தசைந்து அப்பக்கம் போயிற்று. எமது வண்டி வழி பெற்றது. பிறர் கொடுத்த சுங்கத்தில் நாம் கடந்துவிட்டோம் என்று மாணவன் ஒருவன் கூற, வண்டி முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பில் உண்மையும் இருந்தது.

மலையிலிருந்து இறங்கிய இருவர்

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் நீராடி, கந்தனை வழிபட்டு, வாழைக்குலையை அவன் சந்நிதியிலேயே சேர்ப்பித்தோம். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. பின்னர் மரநிழலில் கட்டுச்சோற்றை உண்டபோது, ஊவா மலைகளிலிருந்து இக்காட்டுக்கு இறங்கி வந்த இருவரைப் பற்றி மாணவர்க்குக் கூறினோம்.

முதலாமவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து ஊவாவுக்கு வீதிகள் அமைத்தவர். அவர் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார் என்று சொல்லப்படுகிறது. அக்காலத்தில் யானை வேட்டை துரைமாரின் பொழுதுபோக்கு. 1845 ஜூன் 7ஆம் திகதி, அப்புத்தளையில், இடி விழுந்து மாண்டார். பதுளை நகரில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் செயின்ட் மார்க் தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதே.

இரண்டாமவர் ஹென்றி எங்கெல்பிரெக்ட். தென்னாபிரிக்காவின் போயர் இனத்தவர். போயர் யுத்தத்தில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1900ஆம் ஆண்டளவில் ஆயிரக்கணக்கான கைதிகளோடு எமது தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர். யுத்தம் முடிந்து, முடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் தாய்நாடு திரும்பினார்கள். பிரமாணம் செய்ய இவர் மறுத்தார். ஆகையால் இங்கேயே தங்க நேர்ந்தது. அம்பாந்தோட்டையில் வாழ்ந்த அவரை யால வனத்தின் முதற் காவலராக அரசாங்கம் நியமித்தது. தன் நாட்டுக்குத் திரும்ப இயலாத மனிதன், அந்நிய நாட்டு மானுக்கும் மயிலுக்கும் காவலானான்.

1900ஆம் ஆண்டு காப்பிடமாக ஒதுக்கப்பட்ட யால, 1938ஆம் ஆண்டில் வில்பத்துவுடன் சேர்த்துத் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர். அம்பாந்தோட்டை மாவட்டத்தோடு, ஊவாவின் மொனராகலை மாவட்டத்திலும் அது பரந்துள்ளது. அந்த அளவில் அது எமது சொந்த மாகாணத்துக் காடு.

வனத்தினுள்ளே

பிற்பகலில் கட்டகமுவ வழியாக வனத்தினுள் நுழைந்தோம். வண்டியை விட்டு இறங்கலாகாது, ஒலியெழுப்பலாகாது, எதையும் வெளியே எறியலாகாது என்பன விதிகள். மாணவர் முப்பத்தெட்டுப் பேரும் மௌனம் காத்ததே அன்றைய முதல் அதிசயம்.

மயில்கள் எண்ணிறந்தன. வீதிக்குக் குறுக்கே காட்டுச்சேவலொன்று ஓடிற்று. செம்பொன் நிற உடலும் கருநீலச் சிறகும் கொண்ட அப்பறவை இலங்கைக்கே உரியது. இந்நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. வாகனமும் கொடியும் ஒருங்கே வரவேற்க வந்தன என்று மூதாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். புள்ளிமான் கூட்டமொன்று மரத்தடியில் மேய்ந்தது. மேலே மந்திகள் தளிரைப் பறித்துத் தின்று பாதியைக் கீழே உதிர்த்தன. கீழே விழுந்ததை மான்கள் உண்டன. மந்திக்கு உயரத்திலிருந்து காணும் கண் உண்டு. மானுக்கு மோப்பம் உண்டு. ஒன்று அபாயத்தை உணர்ந்தால் மற்றதும் அறிந்துகொள்ளும். ஒப்பந்தம் எதுவும் எழுதாமலே இரண்டும் ஒன்றையொன்று காக்கின்றன.

பாலைமரங்கள் பழுத்திருந்தன. யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் விரும்பி உண்ணும் அந்த மஞ்சட் பழத்துக்குக் கரடி உயிரையே விடும். பழுக்கும் காலத்தில் மரமேறிக் கிளையிலமர்ந்து தின்னும். கரடியை நாம் காணவில்லை. ஒரு மரத்தின் பட்டையில் அதன் நகக்கீறல்களைக் கண்டோம். வற்றிச் சுருங்கிய குளமொன்றில் எருமைகள் சேற்றில் அமிழ்ந்திருந்தன. கரையில் மரக்கட்டை என்று நினைத்தது வாய் பிளந்தபோது முதலையாயிற்று. அதற்குப் பத்தடி தூரத்தில் நாரைகள் கவலையற்று மீன் பிடித்தன.

சித்துல்பவ்வக் குன்றின்மேல் ஏறி நின்றபோது வனம் நாற்புறமும் பச்சைக் கடலாகத் தெரிந்தது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே பிக்குகள் இக்குகைகளில் தவமிருந்தனர். பன்னீராயிரம் அருகதர் வாழ்ந்ததாக ஐதிகம். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தை முருகனைத் தொழுது, குமணயையும் யாலவையும் கடந்து கதிர்காமம் அடையும் எமது பாத யாத்திரிகரும் இந்தப் பசுமையின் ஊடேதான் வருகின்றனர். தவத்துக்கு வந்தவனும் வேண்டுதலுக்கு வந்தவனும் விலங்குகளோடு வழியைப் பகிர்ந்துகொண்ட காடு இது.

திரும்பும் வழியில், மாலை ஐந்து மணியளவில், மந்திகளின் கூச்சல் திடீரென மாறிற்று. கரகரத்த, விட்டுவிட்டு எழும் ஓசை. சாரதி வண்டியை நிறுத்தினார். வீதியிலிருந்து அறுபது எழுபது யார் தூரத்தில், பகலெல்லாம் வெயில் குடித்த பாறையொன்றின்மீது, ஒரு சிறுத்தை படுத்திருந்தது. சிங்கமும் வரிப்புலியும் இல்லாத இத்தீவில் அதுவே வனத்தின் அரசன். உலகிலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களுள் யாலவும் ஒன்று. ஆயினும் தன்னைக் காண்பதா வேண்டாமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. எம்மை ஒரு முறை நோக்கிற்று. பொருட்படுத்தாமல் தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டு நிமிடத்தின் பின் எழுந்து, சோம்பல் முறித்து, பாறைக்குப் பின்னால் இறங்கி மறைந்தது.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் மெல்லச் சொன்னான்: "சேர், எங்க தோட்டத்துலயும் ஒன்னு இருந்துச்சு. பன்னிக்கு வச்ச கம்பியில மாட்டிக்கிச்சு. நாங்கல்லாம் போய்ப் பாத்தோம். இதே மாதிரிதான் பாத்துச்சு."

கம்பிச் சுருக்கு

அவன் கூறியது மலைநாட்டில் எவரும் அறிந்த செய்தியே. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், நல்லதண்ணியாப் பகுதியில் இலக்சபானைத் தோட்டத்தில், அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் சிக்கிச் சில நாட்களில் இறந்தது. அது நாடறிந்த மரணம். நாடறியாதவை பல. மலையுச்சியிலும் ஓடைக்கரையிலும் எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளில் சிறுத்தை வாழ்கிறது. பன்றியையும் மானையும் தேடித் தேயிலைக்குள் நடக்கிறது. அதே பன்றி, லயத்தின் பின்னால் ஒரு தொழிலாளி பயிரிட்ட மரக்கறியைக் கிண்டி அழிக்கிறது. கூலி போதாமல், மாலை வேளைகளில் முதுகு வளைத்து உண்டாக்கிய தோட்டம் ஓரிரவில் பாழாகும்போது, அவன் கையில் அகப்படுவது பழைய சைக்கிள் தடைக்கம்பி. அதை வளைத்துச் சுருக்கு வைக்கிறான். கம்பிக்குப் பன்றியும் தெரியாது, சிறுத்தையும் தெரியாது. வருவதை இறுக்கும், திமிறத் திமிற மேலும் இறுக்கும்.

கம்பி வைத்தவனைக் கொடியவன் என்று சொல்லிவிட்டு உறங்கச் செல்வது எளிது. அவனுடைய மரக்கறிக்கு வேலியும், அழிந்த பயிருக்கு ஈடும் வேண்டும் என்று கேட்பதே நேர்மை. அத்துடன், பன்றிகள் பெருகாமல் காக்கும் இயற்கைக் காவலாளி சிறுத்தையே என்பதையும் அவனுக்கு எடுத்துரைக்க வேண்டும். காவலாளியைக் கொன்றுவிட்டுக் கள்வன் பெருகிவிட்டான் என்று புலம்புவதால் பயனில்லை. இதை வெளியிலிருந்து வரும் அதிகாரி சொல்வதிலும், அவன் பிள்ளையே வீட்டில் சொன்னால் காதில் விழும்.

குடும்பத்தோடு செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: வைகாசியும் ஆனியும் ஏற்ற காலம், நீர் வற்ற வற்ற விலங்குகள் குளங்களை நாடி வெளிவரும். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து சில வாரங்களுக்கு வனத்தின் முதற் பகுதியை வறட்சி காரணமாக மூடுவது வழக்கம்; விசாரித்துச் செல்க. காலையும் மாலையும் வனத்துக்குரிய வேளைகள். நண்பகலைக் கோயிலுக்கு வைத்துக்கொள்க. வீதியில் யானை நின்றால் காத்திருக்க அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்க. பழத்தைப் பைக்குள் வைத்துக் கட்டிவிடுக.

ரொஜர்ஸ் துரையும் எங்கெல்பிரெக்டும் ஒரே மலையிலிருந்து ஒரே காட்டுக்கு இறங்கினார்கள். ஒருவர் கையில் துப்பாக்கியோடு வந்தார். மற்றவர் துப்பாக்கிக்காரரைத் தடுக்க வந்தார். இன்றும் துப்பாக்கி ஓயவில்லை. வாழைப்பழமும் சைக்கிள் கம்பியும் அதனோடு சேர்ந்துள்ளன; ஒன்று அன்பினால் கொல்கிறது, மற்றது வறுமையினால் கொல்கிறது. இரண்டும் எமது கைகளிலேயே இருக்கின்றன. ஊவா மலைகளிற் பிறக்கும் மாணிக்க கங்கை கதிர்காமத்தில் எம்மை நீராட்டி, யாலவில் மானுக்கும் சிறுத்தைக்கும் தண்ணீராகிக் கடலில் கலக்கிறது. மேல்தட்டில் வாழும் நாம் செய்வது எதுவாயினும், அது அந்த ஆற்றைப்போலக் கீழே இறங்கிப் போய்ச் சேர்ந்தே தீரும்.